சத்தம் கேட்கிறது, பிரியவில்லை

என் அப்பாவுக்குக் காது மந்தமாகத் தொடங்கிச் சில ஆண்டுகள் கழித்துத்தான் காது கேட்கும் கருவி வாங்கினோம். கருவி வந்த முதல் வாரத்தில் வீட்டில் உறவினர்கள் ஏழெட்டுப் பேர் கூடியிருந்தார்கள். ஆளுக்கொரு பக்கம் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. மேலே மின்விசிறி சுழன்றது. பக்கத்து அறையில் தொலைக்காட்சி பேசியது. அப்பா ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, பேசுகிறவர்களின் முகங்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அருகில் போய்க் குனிந்து, “கேக்குதாப்பா?” என்று உரக்கக் கேட்டேன். “கத்தாதப்பா. சத்தமெல்லாம் நல்லாத்தான் கேக்குது. ஆனா ஒண்ணும் பிரியல” என்றார்.

என் காதில் அது “புரியல” என்று விழுந்தது. நினைவு தடுமாறுகிறதோ என்று அன்றிரவு முழுவதும் கவலைப்பட்டேன். மறுநாள் தனியாக இருந்தபோது மெதுவாக விசாரித்ததும் அவரே விளக்கினார்: “எல்லாம் ஒண்ணாக் கலந்து ஒரே இரைச்சலா வருது. எது யாரு குரல்னு பிரிச்செடுக்க முடியல.” அவர் சொன்னது புரிதலைப் பற்றி அல்ல, பிரிதலைப் பற்றி என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஓர் உயிரெழுத்துதான் வேறுபாடு. ஆனால் செவிப்புலனைப் பற்றி நான் அதுவரை நினைத்திருந்தது எல்லாம் தவறான இடத்தில் நின்றிருந்தது என்பதை அந்த ஓரெழுத்து காட்டிக்கொடுத்தது. காது மந்தம் என்றால் ஒலி குறைவாகக் கேட்பது, கருவி என்றால் ஒலியைக் கூட்டித் தருவது என்று மட்டுமே எண்ணியிருந்தேன். கேட்பதில் பெரும்பங்கு பிரித்தெடுக்கும் வேலை என்பதும், அந்த வேலை காதில் தொடங்கி மூளையில் முடிகிறது என்பதும், நல்ல காது உள்ளவர்களுக்கு அது நடப்பதே தெரியாது என்பதும் பிறகு படித்துத் தெரிந்துகொண்டவை.

பிரச்சினை எவ்வளவு கடினமானது என்பதைக் கண்ணோடு ஒப்பிட்டால் விளங்கும். ஒரு பொருளுக்கு முன்னால் இன்னொரு பொருள் வந்தால் பின்னால் இருப்பது மறைகிறது. விழித்திரையின் ஒரு புள்ளியில் விழும் ஒளி பெரும்பாலும் ஒரே பொருளிலிருந்து வந்தது. ஒலி அப்படி மறைப்பதில்லை, கூடுகிறது. நான்கு பேரின் குரலும் மின்விசிறியின் இரைச்சலும் காற்றில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டப்பட்டு, ஒரே அழுத்த ஏற்ற இறக்கமாகக் காதுத் துளைக்குள் நுழைகின்றன. செவிப்பறை உள்ளே போகும், வெளியே வரும். அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். பத்து என்ற எண்ணைக் கொடுத்து, இது எந்தெந்த எண்களைக் கூட்டியதால் வந்தது என்று கேட்டால் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. செவிப்பறை நொடிதோறும் மூளையிடம் அந்தக் கேள்வியைத்தான் பல்லாயிரம் முறை கேட்கிறது.

மான்ட்ரியால் நகரத்தின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியராக இருந்த ஆல்பர்ட் பிரெக்மன் 1990 ஆம் ஆண்டில், ஒலிகளைக் காதும் மூளையும் எப்படிப் பிரித்தறிகின்றன என்று ஆராயும் துறைக்கு அடித்தளமாக அமைந்த நூலை எழுதினார். அதில் அவர் சொல்லும் உவமை இது. ஏரிக்கரையில் நின்று, கரையிலிருந்து உள்ளே இரண்டு குறுகிய வாய்க்கால்களை வெட்டுங்கள். ஒவ்வொரு வாய்க்காலின் நடுவிலும் ஒரு கைக்குட்டையை விரித்துக் கட்டுங்கள். ஏரியைத் திரும்பிப் பார்க்காமல், அலையடித்து அந்த இரண்டு கைக்குட்டைகளும் அசைவதை மட்டும் பார்த்து, ஏரியில் எத்தனை படகுகள் போகின்றன, அவற்றில் எது பெரியது, எது அருகில் இருக்கிறது, காற்று வீசுகிறதா, யாராவது நீரில் எதையாவது எறிந்தார்களா என்று சொல்லுங்கள். முடியவே முடியாது என்றுதான் தோன்றும். ஆனால் கைக்குட்டைகளின் இடத்தில் செவிப்பறைகளை வைத்தால், நாம் ஒவ்வொருவரும் கண்ணை மூடிக்கொண்டே செய்யும் வேலை இது. இந்த உவமையை முதன்முதலாகப் படித்த அன்று நான் அறைக்குள் கண்ணை மூடி உட்கார்ந்து, கேட்ட ஒலிகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன். ஒன்பது வரை எண்ண முடிந்தது.

முதல் வேலையைச் செய்வது உட்செவியில் நத்தைக் கூடுபோல் சுருண்டிருக்கும் காக்ளியா. சுருளை நீட்டினால் அதன் உள்ளே ஓடும் சவ்வு ஏறத்தாழ 35 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். நுழைவாயிலில் அந்தச் சவ்வு குறுகி விறைப்பாகவும், உள் முனையில் அகன்று தளர்வாகவும் இருக்கிறது. அதனால் உயர்ந்த அதிர்வெண்கள் வாயிலருகிலும் தாழ்ந்தவை உள்முனையிலும் அதிர்வை எழுப்புகின்றன. சவ்வின் மேல் வரிசையாக நிற்கும் சுமார் 3,500 உள் மயிர்ச்செல்கள் தத்தம் இடத்தின் அதிர்வைச் சுமார் 30,000 நரம்பிழைகள் வழியாக மூளைக்கு அனுப்புகின்றன. சவ்வின் மேல் அலை பயணம் செய்வதை இறந்தவர்களின் காதுகளில் நேரில் பார்த்து விளக்கிய கியோர்க் வான் பெகேசிக்கு 1961 ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது.

கலவையைக் காதே பிரித்துவிட்டதே, பிறகென்ன என்று இந்த இடத்தில் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் காக்ளியா பிரிப்பது அதிர்வெண்களை, ஆட்களை அல்ல. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால்தான் மீதியெல்லாம் விளங்கும். ஒரு மனிதரின் குரல்வளை நொடிக்கு 100 தடவை திறந்து மூடினால், அவர் குரலில் 100 ஹெர்ட்ஸ் மட்டும் இருப்பதில்லை. 200, 300, 400 என்று அதன் மடங்குகள் எல்லாம் இருக்கும். பக்கத்தில் நொடிக்கு 190 தடவை அதிரும் குரலில் ஒரு பெண் பேசினால் 190, 380, 570 என்று அவருடைய வரிசை வரும். காக்ளியாவின் சவ்வில் இந்த இரண்டு வரிசைகளும் ஒன்றின் பற்களுக்குள் இன்னொன்றின் பற்கள் நுழைந்த இரண்டு சீப்புகளைப்போல் கோத்துக் கிடக்கும். அதாவது, முழுதாக வந்த ஒவ்வொரு குரலையும் காது முதலில் பல துண்டுகளாகக் கிழித்துப்போடுகிறது. இரண்டு கடிதங்களைச் சேர்த்துக் கிழித்து ஒரே குவியலாக வைத்தால், எந்தத் துண்டு எந்தக் கடிதத்தைச் சேர்ந்தது என்று கண்டுபிடித்து ஒட்டவேண்டிய பொறுப்பு மூளையுடையது. பிரித்தல் என்று நாம் வெளியிலிருந்து பார்த்துச் சொல்வது, உள்ளே உண்மையில் ஒட்டுதல்.

எந்தத் துண்டை எதோடு ஒட்டுவது? மூளை உலகத்தின் இயல்பை நம்பி முடிவெடுக்கிறது. ஒரே மூலத்திலிருந்து வரும் துண்டுகள் ஒரே நேரத்தில் தொடங்கும். தொடர்பில்லாத இரண்டு பொருள்கள் மிகச் சரியாக ஒரே கணத்தில் ஒலிக்கத் தொடங்குவது அரிது. ஆகவே சேர்ந்து தொடங்குவதைச் சேர்த்து ஒட்டு. சில பத்து மில்லிநொடிகள் முந்தியோ பிந்தியோ தொடங்குவதைத் தனியே வை. இசைக்குழுவில் ஒரே சுருதியில் சேர்ந்து வாசிக்கும் கருவிகளை நம்மால் தனித்தனியே கேட்க முடிவதற்கு, வாசிப்பவர்கள் தெரிந்தோ தெரியாமலோ விடும் இந்த நுண்ணிய நேர இடைவெளியும் ஒரு காரணம்.

அடுத்தது மடங்கு உறவு. 200, 400, 600, 800 என்று ஒழுங்காக வரும் தொகுப்பைக் கேட்டால் நான்கு ஒலிகளாகக் கேட்காது, ஒரே குரலாகக் கேட்கும். இந்தத் தொகுப்பில் 600 ஐ மட்டும் இரண்டு மூன்று சதவீதம் நகர்த்தினால் போதும். அது கூட்டத்திலிருந்து விலகி, தனியாக ஒரு மெல்லிய விசில்போல் நிற்கும். இதை ஓர் இலவச ஒலித்தொகுப்பு மென்பொருளில் நானே செய்து பார்த்தேன். 600 ஐ 618 ஆக மாற்றி மீண்டும் ஓடவிட்டபோது, அதுவரை ஒருவர் இருந்த அறைக்குள் இரண்டாவதாக ஒருவர் வந்து நின்றதுபோல் இருந்தது. திரும்ப 600 ஆக்கியதும் அவர் முன்னவரோடு கரைந்துவிட்டார். அந்த எண்ணை மாற்றி மாற்றி அரைமணி நேரம் விளையாடியிருப்பேன்.

மூன்றாவது, சேர்ந்து மாறுவது. என்னை மிகவும் வியக்கவைத்த செய்முறை இதுதான். 1980 களின் தொடக்கத்தில் பாரிஸின் இர்காம் இசை ஆய்வகத்தில் ஸ்டீவன் மெக் ஆடம்ஸ், இசையமைப்பாளர் ரோஜர் ரேனால்ட்ஸுடன் சேர்ந்து, ஓபோ என்ற ஊதுகருவியின் ஒலியைக் கணினியில் எடுத்து, அதன் ஒற்றைப்படை மடங்குகளை ஒரு பக்கமும் இரட்டைப்படை மடங்குகளை ஒரு பக்கமுமாகப் பிரித்தார். முதலில் இரண்டும் அசையாமல் நிற்கும்; ஓபோ ஓபோவாகவே கேட்கும். பிறகு ஒற்றைப்படைத் தொகுப்புக்கு ஒருவித நடுக்கத்தையும் இரட்டைப்படைத் தொகுப்புக்கு வேறுவித நடுக்கத்தையும் மெல்ல மெல்லக் கொடுத்தார். நடுக்கம் வேறுபட்டதும் ஓபோ மறைந்துபோகிறது. அதன் இடத்தில் கிளாரினெட் ஒன்றும், அதற்கு ஒரு ஸ்தாயி மேலே மனிதக் குரல் போன்ற ஒன்றும் எழுகின்றன. புதிதாக எந்த ஒலியும் சேர்க்கப்படவில்லை. அதே துண்டுகள்தான், எந்தத் துண்டு எதோடு சேர்ந்து அசைகிறது என்பது மட்டும் மாறியது. அதற்கேற்ப மூளை துண்டுகளை வேறு விதமாக ஒட்டி, இல்லாத இரண்டு பொருள்களைப் படைத்துக் காட்டிவிட்டது.

இதுவரை சொன்னது ஒரு கணத்துக்குள் நடப்பது. கணங்களைக் கோத்து ஓர் இழையாக்குவது வேறு வேலை. இரண்டு சுரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று தாழ்ந்தது, ஒன்று சற்று உயர்ந்தது. தாழ், உயர், தாழ், சிறு இடைவெளி. மீண்டும் தாழ், உயர், தாழ், இடைவெளி. மெதுவாக வாசித்தால் குதிரைக் குளம்பொலிபோல் டடக், டடக் என்று ஒரே தாளம் கேட்கும். வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனாலோ, இரண்டு சுரங்களுக்கும் இடையிலான தூரத்தைக் கூட்டினாலோ, ஒரு கட்டத்தில் குதிரை காணாமல் போய்விடும். தாழ்சுரங்கள் தனியே ஒரு சீரான வரிசையாகவும், உயர்சுரங்கள் அதன் பாதி வேகத்தில் இன்னொரு வரிசையாகவும் பிரிந்து ஓடும். நெதர்லாந்தைச் சேர்ந்த லியோன் வான் நூர்டன் 1975 ஆம் ஆண்டு முனைவர் பட்ட ஆய்வில் இந்த எல்லைகளை அளந்து வகுத்தார். இரண்டுக்கும் நடுவே ஒரு பரப்பு உண்டு. அங்கே நாம் விரும்பினால் ஒன்றாகவும் கேட்கலாம், விரும்பினால் இரண்டாகவும் கேட்கலாம். அந்தப் பரப்பில் சற்று நேரம் இருந்து பாருங்கள் என்று யாருக்கும் சொல்வேன். ஒலியில் எந்த மாற்றமும் இல்லாமலே நம் காது தானாகப் புரள்வதை உணரலாம்.

இப்படிப் பிரிந்த இழைகளுக்கிடையே ஒரு வேலி விழுந்துவிடுகிறது. பிரெக்மனும் ஜெஃப்ரி காம்ப்பெல்லும் 1971 ஆம் ஆண்டு மூன்று உயர்சுரங்களையும் மூன்று தாழ்சுரங்களையும் மாற்றி மாற்றி வேகமாகச் சுழலவிட்டு, எது எதற்குப் பின் வந்தது என்று கேட்டார்கள். உயர்சுரங்களுக்குள் வரிசை சொல்ல முடிந்தது, தாழ்சுரங்களுக்குள்ளும் முடிந்தது. உயர்ந்த ஒன்றும் தாழ்ந்த ஒன்றும் எந்த முறையில் வந்தன என்று மட்டும் சரியாகச் சொல்ல முடியவில்லை. கூட்டத்தில் ஒருவர் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது, பக்கத்தில் விழுந்த பாத்திரத்தின் சத்தம் அவர் சொன்ன எந்தச் சொல்லின்மேல் விழுந்தது என்று நமக்குத் தெரியாமல் போவதும் இந்த வேலியால்தான்.

இனி இரண்டு காதுகளின் கதை. மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில், பலரும் சூழ்ந்திருந்த அறையில், அப்பா தம் முதல் வேலையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். நான் கைப்பேசியை மேசைமேல் வைத்துப் பதிவு செய்தேன். அன்று அவர் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட நான் தவறவிடவில்லை. சில மாதங்கள் கழித்துப் பதிவைப் போட்டுக் கேட்டபோது நெஞ்சே அடைத்துப்போயிற்று. மழை, மின்விசிறி, குழந்தைகளின் சிரிப்பு, யாரோ நாற்காலியை இழுக்கும் ஓசை. இவற்றுக்கு அடியில் எங்கேயோ அப்பாவின் குரல். அவருக்கு முதலில் வேலை கொடுத்தவரின் பெயர் வரும் இடத்தைப் பத்து முறையாவது திருப்பித் திருப்பிக் கேட்டிருப்பேன், பிடிபடவில்லை. கைப்பேசி பழுது என்று முதலில் நினைத்தேன். அது ஒழுங்காகத்தான் வேலை செய்திருந்தது. ஒற்றை மைக்ரோஃபோனுக்கு இரண்டு காதுகளும் இல்லை, அவற்றுக்குப் பின்னால் ஒரு மூளையும் இல்லை.

நம் வலப்பக்கத்திலிருந்து வரும் ஒலி இடக்காதை அடையத் தலையைச் சுற்றிக்கொண்டு போகவேண்டும். அந்தத் தாமதம் அதிகபட்சம் நொடியில் பத்தாயிரத்தில் ஆறேழு பங்கு. தேர்ந்த காதுகள் நொடியின் லட்சத்தில் ஒரு பங்கு வேறுபாட்டைக்கூட உணர்கின்றன. உயர்ந்த அதிர்வெண்களில் தலையே நிழலாக மறைத்து ஒரு காதில் ஒலியைக் குறைக்கிறது. ஆங்கிலேய இயற்பியலர் ராலே பிரபு 1907 ஆம் ஆண்டிலேயே இந்த இரண்டு வழிகளையும் எடுத்துக்காட்டினார். ஆனால் திசை அறிவது மட்டுமே இரண்டு காதுகளின் பயன் அல்ல. ஒரு காதில் மட்டும் இரைச்சலையும், அதில் முழுக மறைந்துபோகும் அளவுக்கு ஒரு மெல்லிய சுரத்தையும் கொடுங்கள், சுரம் கேட்காது. இப்போது மறு காதில் அதே இரைச்சலை மட்டும் கொடுங்கள். மறைந்திருந்த சுரம் கேட்கத் தொடங்கும். இரைச்சலைக் கூட்டியதால் சுரம் வெளிப்படுகிறது! இரு காதுகளிலும் பொதுவாக இருப்பதை மூளை ஒதுக்கிவிட்டு, வேறுபடுவதைப் பிடித்துக்கொள்கிறது. இரு காதுகளுக்கிடையே ஏற்படும் இத்தகைய விடுவிப்பை 1948 ஆம் ஆண்டு ஐரா ஹிர்ஷும் ஜே. சி. ஆர். லிக்லைடரும் தனித்தனியே வெளியிட்டார்கள். பிற்காலத்தில் கணினி வலைப்பின்னலுக்கு வித்திட்டவர்களில் ஒருவராக அறியப்பட்ட லிக்லைடர்தான் அவர்.

ஒரு கூட்டத்தின் நடுவே நின்று ஒரு காதை விரலால் இறுக அடைத்துப் பாருங்கள். ஒலி பாதியாகக் குறைந்ததுபோல் இருக்காது. அறையே தட்டையாகிவிட்டதுபோல் இருக்கும். குரல்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து விழும். அப்பாவின் உலகம் எப்படிப்பட்டது என்பதை முதன்முறையாக நான் ஓரளவு உணர்ந்தது அப்படித்தான்.

இந்தக் கேள்விக்குக் ‘காக்டெயில் விருந்துச் சிக்கல்’ என்று பெயர் வைத்தவர் பிரிட்டிஷ் ஆய்வாளர் கோலின் செர்ரி. விருந்தில் பலர் பேசும்போது ஒருவர் பேச்சை மட்டும் எப்படிக் கேட்கிறோம் என்று 1953 ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில் அவர் கேட்டார். முதலில் ஒரே மனிதர் வாசித்த இரண்டு பகுதிகளை ஒன்றாகக் கலந்து இரு காதுகளுக்கும் கொடுத்தார். ஒரே குரல், ஒரே திசை. ஒட்டுவதற்குப் பிடிமானம் எதுவும் இல்லை. கேட்டவர்கள் கண்ணை மூடிக்கொண்டு, திரும்பத் திரும்பப் போடச் சொல்லி, பொருளை மட்டுமே துணையாகக் கொண்டு பெரும்பாடுபட்டுப் பிரித்தார்கள். பிறகு ஒரு பகுதியை ஒரு காதுக்கும் மற்றதை மறு காதுக்குமாகக் கொடுத்தார். அந்த நொடியே சிரமம் பறந்துபோயிற்று. ஒரு காதில் வருவதைக் கேட்கக் கேட்கத் திருப்பிச் சொல்லும்படி அவர்களைக் கேட்டுவிட்டு, மறு காதில் ஆங்கிலத்தை ஜெர்மனாக மாற்றினார், கவனிக்கவில்லை. ஆண்குரல் பெண்குரலாக மாறியதை மட்டும் கவனித்தார்கள். ஒதுக்கப்பட்ட இழையின் தன்மை எட்டுகிறது, பேச்சு எட்டுவதில்லை. ஆனால் 1959 ஆம் ஆண்டு நெவில் மோரே ஒதுக்கப்பட்ட காதில் கேட்பவரின் பெயரைச் சேர்த்தபோது, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் அதைக் கேட்டுவிட்டார்கள். வாசல் மூடியிருக்கிறது, ஆனால் தாழிடப்படவில்லை.

தமிழில் கேட்பதற்கும் செவிமடுப்பதற்கும் வேறுபாடு வைத்திருக்கிறோம். காதில் விழுவது ஒன்று, காது கொடுப்பது இன்னொன்று. அந்த இரண்டாவது செயலை 2012 ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் நிமா மெஸ்கரானியும் எட்வர்ட் சாங்கும் மூளையின் மேற்பரப்பிலேயே பார்த்தார்கள். வலிப்பு நோய்ச் சிகிச்சைக்காகப் புறணி எனப்படும் மூளையின் மேலடுக்கின்மேல் மின்முனைகள் பொருத்தப்பட்டிருந்தவர்களுக்கு இரண்டு குரல்களைக் கலந்து கேட்கவைத்து, ஒன்றை மட்டும் கவனிக்கச் சொன்னார்கள். புறணியில் ஒலியைக் கையாளும் பகுதியான செவிப்புறணியின் மின்குறிகளிலிருந்து ஒலியைத் திரும்ப வரைந்து பார்த்தபோது, கலவை வரவில்லை. கவனித்தவரின் குரலே தனியாகப் பேசியதுபோன்ற வடிவம் வந்தது. காதுக்குள் இருவர் நுழைந்தார்கள், புறணியை எட்டியபோது ஒருவரே முன்னால் நின்றார்.

துண்டுகளே கிடைக்காத இடத்தில் மூளை என்ன செய்யும்? நிரப்பிக்கொள்ளும். ரிச்சர்ட் வாரன் 1970 ஆம் ஆண்டு ஒரு வாக்கியத்தில் ஓர் ஒலியை முழுவதுமாக வெட்டியெடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஓர் இருமலை வைத்தார். கேட்டவர்களுக்கு வாக்கியம் முழுதாகக் கேட்டது. இருமல் எந்த இடத்தில் வந்தது என்பதைத்தான் சரியாகச் சுட்ட முடியவில்லை. இருமலுக்குப் பதிலாக மௌனத்தை வைத்தால் வெட்டு உடனே தெரிந்துவிடுகிறது. இருமல் இருந்தால், அதன் பின்னால் அந்த எழுத்து ஒலித்துக்கொண்டுதான் இருந்திருக்கும் என்று மூளை தீர்மானிக்கிறது. இன்னும் வியப்பு என்னவென்றால், பின்னால் வரும் சொல்லைப் பார்த்து முன்னால் வந்த ஓட்டையை அடைக்கிறது. வாரன் ஆங்கிலத்தில் காட்டியதைத் தமிழில் இப்படி எண்ணிப் பார்க்கலாம். முதலெழுத்து இருமலில் மறைந்து ‘டை’ என்பது மட்டும் காதில் விழுகிறது. அடுத்து ‘பின்னினாள்’ என்று வந்தால் அது சடை; ‘விரித்தாள்’ என்றால் குடை; ‘பூட்டினாள்’ என்றால் கடை; ‘தைத்தாள்’ என்றால் உடை. நாம் ஊகித்ததாக உணர்வதில்லை; கேட்டதாகவே உணர்கிறோம்.

இந்தத் திறனை நாம் பழகிப் பெறுகிறோமா என்றால், அடிப்படையானது பிறப்பிலேயே இருக்கிறது. பிறந்து சில நாட்களே ஆன குழந்தைகளின் மூளை, கலந்து வரும் சுரங்களை இழைகளாகப் பிரிப்பதை 2003 ஆம் ஆண்டு இஸ்த்வான் விங்க்ளர் குழுவினர் மூளை மின்னலைகளில் கண்டார்கள். நமக்கு மட்டும் உரியதும் அல்ல. பல்லாயிரம் பறவைகள் ஒரே நேரத்தில் கத்தும் குடியிருப்பில், கிங் பென்குயின் குஞ்சு தன் பெற்றோரின் குரலை, அது சுற்றியுள்ள இரைச்சலைவிட 6 டெசிபல் தாழ்ந்திருக்கும்போதும் அடையாளம் காண்கிறது. தியெரி ஓபானும் பியர் ஜுவந்தானும் 1998 ஆம் ஆண்டு இதை வெளியிட்டார்கள். கூடு கிடையாது, குறித்த இடம் கிடையாது. குரலைப் பிரித்தெடுக்கத் தெரியாத குஞ்சுக்கு உணவு இல்லை.

இவ்வளவையும் படித்த பிறகுதான் அப்பாவின் கருவி ஏன் அவரைக் காப்பாற்றவில்லை என்பது தெரிந்தது. மயிர்ச்செல்கள் பழுதடையும்போது ஒலி குறைவது மட்டுமல்ல. காக்ளியாவின் ஒவ்வோர் இடமும் முன்பு குறுகிய ஓர் அதிர்வெண் பகுதிக்கு மட்டும் பதில் சொன்னது, இப்போது அகலமான பகுதிக்குப் பதில் சொல்கிறது. சீப்பின் பற்கள் மழுங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. மூளை ஒட்டுவதற்குத் துண்டுகளே தெளிவாக வராதபோது, அதே குழப்பத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தால் பெரிய குழப்பம்தான் கிடைக்கும். நல்ல காது, எதிரில் இரைபவர் மூச்சு விடும் சிறு இடைவெளிகளில்கூட எட்டிப்பார்த்து, தனக்கு வேண்டியவரின் சொற்களைப் பொறுக்கிக்கொள்கிறது; பழுதடைந்த காதுக்கு அந்த இடைவெளிகள் பெரும்பாலும் பயன்படுவதில்லை. இதற்கும் மேலே ஒன்று உண்டு. ஷாரன் குஜாவாவும் சார்லஸ் லிபர்மனும் 2009 ஆம் ஆண்டு எலிகளில் காட்டியபடி, பெருஞ்சத்தத்துக்குப் பிறகு கேட்கும் திறன் சோதனையில் பழைய நிலைக்குத் திரும்பினாலும், மயிர்ச்செல்லுக்கும் நரம்புக்கும் இடையிலான இணைப்புகளில் பாதியளவு திரும்பாமலே போகலாம். அமைதியான அறையில் ஒற்றைச் சுரங்களைக் கேட்கவைத்து எடுக்கும் வழக்கமான சோதனை அந்த இழப்பைக் காட்டாது. அப்பாவுக்குச் சோதனை செய்த இடத்திலும் அமைதியான அறையில்தான் செய்தார்கள். கூட்டத்தில் எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்கவேண்டும் என்று இன்றும் நினைக்கிறேன்.

கலந்த குரல்களைப் பிரிக்கும் ஆழ்கற்றல் நிரல்கள் கடந்த பத்தாண்டுகளில் பெரிதும் முன்னேறியிருக்கின்றன. ஆனால் நூறு குரல்களில் கேட்பவருக்கு எது வேண்டும் என்பதை நிரல் எப்படி அறியும்? அதை முடிவு செய்வது கேட்பவரின் மனம். அந்த மனத்தின் விருப்பத்தைக் கருவிக்குத் தெரிவிக்கும் வழிகளை ஆய்வாளர்கள் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அதுவரை எங்கள் வீட்டில் நாங்கள் செய்தது எளிமையானது. அப்பாவின் முதுகுப்பக்கம் சுவர் இருக்கும்படி அவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டோம். பின்னாலிருந்து ஒலி வராது, கருவியின் முன்நோக்கிய மைக்ரோஃபோனுக்கும் அது உதவும். பேசும்போது வெளிச்சத்தில், அப்பாவுக்கு எங்கள் உதடுகள் தெரியும்படி உட்காருகிறோம். தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுத்தான் அவரிடம் பேசுகிறோம். ஒருவர் பேசி முடித்த பிறகே அடுத்தவர் தொடங்கவேண்டும் என்பதைக் குழந்தைகள் எங்களைவிட விரைவாகக் கற்றுக்கொண்டார்கள். அவர் மீண்டும் பேச்சில் கலந்துகொள்கிறார்.

போன மாதம் அவரைத் தனியே உட்காரவைத்து, கதவைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, முதல் வேலையின் கதையை மறுபடியும் சொல்லச் சொன்னேன். கைப்பேசியை இந்தத் தடவை அவர் சட்டைப் பையருகே வைத்தேன். நாற்பது நிமிடம் சொன்னார். வேலை கொடுத்தவரின் பெயரையும் சொன்னார். இரவில் போட்டுக் கேட்டபோது ஒவ்வொரு சொல்லும் தெளிவாக இருந்தது. ஆனால் அவர் சொற்களுக்கு இடையே, தொடக்கத்திலிருந்து கடைசிவரை, ஒரு கடிகாரம் டிக் டிக் என்று அடித்துக்கொண்டே இருந்தது. அந்த அறையில் கடிகாரம் ஓடுவதை நான் உட்கார்ந்திருந்த நாற்பது நிமிடமும் கேட்கவே இல்லை. பதிவை நிறுத்திவிட்டு எழுந்து போய்ப் பார்த்தேன். கதவுக்கு மேலே, அப்பா உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு நேர் எதிரே மாட்டியிருந்தது.